அந்தியில் மினுக்கும் வாசல் விளக்கு: சென்சாரை மாற்ற வேண்டாம்

இருட்டியதும் விளக்கைத் தானாக ஏற்றும் ஒளி சென்சாரின் முகத்தை விளக்கிலிருந்து திருப்பிவிடுங்கள், போதும். அம்பாசமுத்திரம் வீட்டு வாசலில் எல்.இ.டி. விளக்கு அந்தி நேரத்தில் மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது என்றால், பெரும்பாலும் அது தன் வெளிச்சத்தாலேயே தன்னை அணைத்துக்கொள்கிறது: அந்த வெளிச்சம் பட்டதும் சென்சார் பகல் என்று எண்ணி விளக்கை அணைக்கிறது, அணைந்ததும் மீண்டும் ஏற்றுகிறது.

சென்சாரின் சிறு வில்லையில் பாம்புபோல நெளிந்து ஓடும் கோடுதான் ஒளியை உணரும் பொருளான காட்மியம் சல்பைடு. இருட்டில் அதன் மின்தடை மெகாஓம் அளவுக்கு ஏறும். நல்ல வெளிச்சம் பட்டால் சில கிலோஓமுக்கு இறங்கிவிடும். அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது அதிலுள்ள எலக்ட்ரானை விடுவிக்க ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட்; பச்சை ஒளியின் ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் பச்சை ஒளியை மிக நன்றாக உணரும். நம் கண்ணும் அப்படித்தான். தெருவிளக்குகளுக்கு இதைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! வெள்ளை எல்.இ.டி.யிலும் பச்சை தாராளமாக உண்டு.

இன்று மாலை மினுக்கத் தொடங்கியதும் விளக்குக்கும் சென்சாருக்கும் நடுவில் ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அணையாமல் சீராக எரிந்தால் காரணம் இதுவே. சென்சார் விளக்குக்கு முதுகு காட்டி, திறந்த வானத்தைப் பார்க்கட்டும்.

அட்டை வைத்தும் மினுக்கினால் சாரல் ஈரம் சென்சாருக்குள் இறங்கியிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். பழைய வில்லையைச் சுரண்டவோ குப்பையோடு எரிக்கவோ வேண்டாம், காட்மியம் நஞ்சு.