லைசென்ஸ் வேண்டாத ஸ்கூட்டர் மலை ஏறுமா?

கேள்வி: ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் போகும் வழியில் குடியிருக்கிறேன். கடைத்தெரு, மகளின் பள்ளி என்று தினமும் எட்டு, பத்து கிலோமீட்டர் அலைச்சல். எப்போதாவது சேலம் இறங்க வேண்டும். லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாத மின்சார ஸ்கூட்டர் ஒன்றைத் தெரிந்த தரகர் காட்டினார். இதுதான் என் முதல் வண்டி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சேலம் டவுனுக்குள் காய்கறி வாங்கப் போகிறவர் கேட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள் என்றிருப்பேன். உங்கள் ஊர் சாலைக்கு அது ஒத்துவராது.

மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கிற வண்டிக்குத்தான் லைசென்ஸும் பதிவும் வேண்டாம். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாதாரண ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியும் நீங்களும் பையுமாக 150 கிலோ என்றால், 250 வாட் உங்களை மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற்றும். பின்னால் மகளும் உட்கார்ந்தால் ஆறுகூட வராது. வேகமாக நடப்பவரே முந்திவிடுவார். கொஞ்ச நேரம் கூடுதலாக முக்கி இழுக்கும்தான். ஆனால் அந்தச் சூடு முழுக்க மோட்டாருக்குள்ளேயே தங்கி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைத் தின்றுவிடும்.

இதைச் சொன்னால் தரகர் என்ன சொல்வார் தெரியுமா? "கவலைப்படாதீங்கக்கா, ஒரு வயரைக் கழட்டிவிட்டா நாப்பதுல போகும்." வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயர் அது. சில வண்டிகளில் இன்னும் மோசம்: காகிதத்தில் 250 வாட் இருக்கும், சக்கரத்துக்குள் இருப்பதோ பெரிய மோட்டார். வேகமாகப் போகிறதே என்று மகிழ வேண்டாம். அந்த நொடியிலிருந்து சட்டப்படி அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர். அதற்கு மட்டும் அபராதம் 5,000 ரூபாய். யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்டஈடு உங்கள் கைக்காசிலிருந்துதான் போகும், தரகர் போனை எடுக்க மாட்டார். விற்கும் இடத்தில் மோட்டாரைப் பார்க்க ஆளில்லை, பிடிபடுவதெல்லாம் வாங்கியவர்தான். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு சாலைப் பாதுகாப்பு மாதம் மட்டும் தவறாமல் கொண்டாடுகிறோம்.

சரி, எதை வாங்குவது? முதலில் லைசென்ஸ் எடுங்கள். கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸே போதும். பிறகு பதிவு செய்யும் வகை ஸ்கூட்டரைப் பாருங்கள். தொடர்ந்து தரக்கூடிய திறன் 3 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது சில நொடிகள் மட்டும் தாங்கும் உச்சத் திறன். அது நமக்கு வேண்டாம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் 1,200 மீட்டருக்கு மேல். ஒருவர் ஏறி வர, என் கணக்கில் ஒன்றரை யூனிட் வரை பிடிக்கும். 3 யூனிட் பேட்டரி இருந்தால் நிம்மதி. லெட் ஆசிட் பேட்டரி வண்டி சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஏற்றம் ஏறும் திறன் என்று ஓர் எண் இருக்கும். அது டிகிரியா, சதவீதமா என்று கேளுங்கள். 7 டிகிரியும் 12 சதவீதமும் ஒரே ஏற்றம்தான், பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஓட்டிக் காட்டி "மலையே ஏறும்" என்பார்கள். கோரிமேடு தாண்டி அடிவாரத்துக்கு மேலே, பின்னால் ஆளோடு கொண்டுபோய், ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

இறக்கத்தில் பேட்டரி தானாக ஏறும் என்பது பல வண்டிகளில் உண்மைதான். ஆக்சிலரேட்டரை விட்டால் மோட்டார் எதிர்த்து இழுத்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். வண்டியும் வேகம் குறையும். இதில் உங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. சேலத்துக்காரர் நிறைந்த பேட்டரியோடு ஏறி, குறைந்த பேட்டரியோடு இறங்குகிறார். நீங்கள் வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது. அந்த இழுவை கிடைக்காமல் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கை பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும். டிரம் பிரேக் என்றால் பாதி வழியிலேயே சூடேறிப் பிடிப்பு குறையும். ஆகவே முன்சக்கரத்தில் டிஸ்க் இருக்கட்டும். சேலம் போகும் நாளில் 80 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கீழே நிரப்பிக்கொண்டு ஏறலாம். ஒண்டிக்கடை வரை போக 100 இருந்தாலும் கேடில்லை.

அப்புறம், மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய அரசு மானியம் நடப்பில் இருந்தால், அது பில்லிலேயே கழிந்து வரும். நடுவில் ஆள் தேவையில்லை. பில்லில் அந்த வரி இருக்கிறதா, சேஸிஸ் எண்ணும் பேட்டரி எண்ணும் வண்டியில் உள்ளவையேதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வண்டி வழியில் நின்றால் சர்வீஸ் ஆள் மேலே வருவாரா, இல்லை டெம்போ வைத்து நீங்கள்தான் இறக்க வேண்டுமா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.