கரீபியன் தேர்வு மன்றம் என்றால் என்ன, அது ஏன் உருவானது?

கரீபியனில் ஆங்கிலம் பேசும் பல நாடுகள் சேர்ந்து, பள்ளித் தேர்வுகளுக்காக 1972-இல் தொடங்கிய பொது அமைப்பு இது. தலைமையகம் பார்படோஸில். அதுவரை கேம்பிரிட்ஜ் போன்ற பிரிட்டன் வாரியங்களின் வினாத்தாளைத்தான் அந்தப் பிள்ளைகள் எழுதினார்கள்.

சின்னஞ்சிறு தீவு ஒவ்வொன்றும் தனி வாரியம் நடத்தினால் செலவு தாங்காது. அப்படியே நடத்தினாலும் பக்கத்துத் தீவு அந்தச் சான்றிதழை ஏற்க வேண்டுமே! வீட்டுக்கு ஒரு மரக்கால் வைத்து நெல் அளந்தால் தகராறுதான். ஊருக்கே ஒரே மரக்கால் என்றால் பேச்சே இல்லை.

1979-இல் முதல் தேர்வு, ஐந்தே பாடங்கள். அந்த ஐந்தில் கரீபிய வரலாறும் ஒன்று என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அப்புறம் பாடங்கள் பெருகின. 1998-இல் கேப் என்ற மேல்நிலைத் தேர்வும் வந்தது.

பள்ளிகளையும் இந்த மன்றமே நடத்துவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் மட்டுமே இதன் வேலை, பள்ளிகள் அந்தந்த நாட்டின் பொறுப்பு.