பாவசங்கீர்த்தன ரகசியமும் நீதிமன்றமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் மன்னிப்புக்காகத் தம் பாவங்களைத் தனிமையில் அறிக்கையிடும்போது, கேட்டதைச் சொல்லும்படி ஒரு குருவானவரை நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியுமா?

அது எந்த நாட்டு நீதிமன்றம் என்பதைப் பொறுத்தது. இங்கே இரண்டு சட்டங்கள் உள்ளன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான ஐயங்கள் எழுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவையிலேயே, அங்கே கேட்டதை வெளியிடக் கூடாது என்ற இந்த ரகசியத்தை விதியாக்கிவிட்டது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 983-ஆம் விதி அதை மீறவே கூடாததாக அறிவிக்கிறது. ரகசியத்தை நேரடியாக மீறும் குருவானவர், யாரும் தீர்ப்பு வழங்காமலேயே, திருச்சபை உறவிலிருந்து விலக்கப்பட்டவராகிறார். ஆனால் இது குருவானவரின் மனச்சான்றைக் கட்டுப்படுத்தும் சட்டமே தவிர, நீதிபதியைக் கட்டுப்படுத்துவதன்று.

நீதிபதியைக் கட்டுப்படுத்துவது அந்தந்த நாட்டின் சாட்சியச் சட்டம். நியூயார்க்கில் 1813-இல், களவுபோன நகைகளை உரியவரிடம் திருப்பி ஒப்படைத்த அந்தோனி கோல்மன் என்ற குருவானவர், அவற்றைத் தம்மிடம் கொடுத்தவர் யார் என்று சொல்ல மறுத்தார்; நீதிமன்றமும் அவரைக் கட்டாயப்படுத்த மறுத்தது. 1828-இல் அந்த மாநிலம் இப்பாதுகாப்பைச் சட்டமாகவே இயற்றியது. இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அது உள்ளது. ஜெர்மனியில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு மதகுருக்களுக்குச் சாட்சியம் அளிக்க மறுக்கும் உரிமையைத் தருகிறது. கனடா நடுவழியை எடுத்திருக்கிறது: பொதுவான விலக்கு எதுவும் இல்லை, ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று அதன் உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் வழக்கறிஞருக்கு உள்ள பாதுகாப்பு மதகுருக்களுக்கும் உண்டா?

இல்லை. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சுக்கும், வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கும் பாதுகாப்பு அளித்தது. மதகுருக்களைக் குறிப்பிடவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அந்த நிலையை மாற்றவில்லை. ரகசியமாக வைத்திருப்பதாக உறுதியளிக்கப்பட்டதால் சொல்லப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கத்தகாததாகிவிடாது என்று பழைய சட்டத்தின் 29-ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறியது. புதிய சட்டமும் அதைத் தக்கவைத்திருக்கிறது. ஆகவே நீதிமன்றம் கேட்கும்போது மௌனம் காக்கும் குருவானவர் தம் சமயக் கடமையின் பேரில் அப்படிச் செய்கிறாரே தவிர, சட்டம் அவருக்குத் துணை நிற்பதால் அல்ல. இதை ஒவ்வொரு குருவானவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நானே சம்மதித்தால் அவர் சாட்சி சொல்லலாமா?

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இந்த உரிமை பாவத்தை அறிக்கையிட்டவருக்கு உரியது. அவர் அதை விட்டுக்கொடுக்கலாம். சில மாநிலங்களில் மதகுருவுக்கும் அது உண்டு. திருச்சபையின் பார்வை வேறு. ரகசியம் காக்கும் கடமை இறைவனிடமிருந்தே வருவதால், அறிக்கையிட்டவராலும் குருவானவரை அதிலிருந்து விடுவிக்க இயலாது என்று வத்திக்கானின் பாவமன்னிப்பு நீதிமன்றம் 2019-இல் விளக்கியது.

பங்குத்தந்தையிடமோ பாஸ்டரிடமோ தனிப்பட்ட முறையில் மனம்விட்டுப் பேசினால், அதுவும் இதே ரகசியம்தானா?

இல்லை. மேற்சொன்ன மீற முடியாத ரகசியம் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, மட்டுமே உரியது. ஆலோசனை கேட்பது, கடிதம் எழுதுவது, வீட்டில் அமர்ந்து பேசுவது ஆகியவை அதில் அடங்கா. நம்பிக்கையின் பேரில் சொன்னதைக் காக்கும் பொதுவான பொறுப்பு அங்கேயும் உண்டு, ஆனால் அது நியாயமான காரணங்களுக்கு வழிவிடும். அமெரிக்கச் சட்டங்கள் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியவை அல்ல. ஆன்மிக வழிகாட்டி என்ற நிலையில், வேறொருவர் கேளாதபடி சொல்லப்பட்டதா என்பதையே அங்கு நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்க்கின்றன.

குழந்தையைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதாக ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால்?

வந்த கேள்விகளில் மிகக் கனமானது இதுவே. நிறுவனங்களில் நடந்த குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், பாவசங்கீர்த்தனத்தில் தெரிய வந்தாலும் புகார் அளிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2017-இல் பரிந்துரைத்தது. விக்டோரியா மாநிலம் 2019-இல் அவ்வாறே சட்டம் இயற்றியது. மீறினால் மூன்று ஆண்டுகள் வரை சிறை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2025-இல் அதே வழியில் சென்றபோது, அதைப் பாவசங்கீர்த்தனத்தின் மீது செயல்படுத்தக் கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது. இந்தியாவில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதங்கள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். மதகுருக்களுக்கு அதில் விலக்கு இல்லை.

மௌனம் காப்பது ஒரு குழந்தையைத் தொடர்ந்து ஆபத்தில் விட்டுவிடக்கூடும் என்ற வாதத்தை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன். அதே வேளை, வெளியே வரும் என்று தெரிந்தால் குற்றவாளி அங்கே வாயே திறக்க மாட்டான், அவனைத் திருத்தக் கிடைக்கும் ஒரே வாய்ப்பும் போய்விடும் என்ற எதிர்வாதத்திலும் பொருள் உண்டு. காவல்துறையிடம் சரணடைவதை மன்னிப்புக்கான நிபந்தனையாக வைக்கக்கூடாது என்கிறது 2019-ஆம் ஆண்டின் அதே விளக்கம். ஆனால் சரணடையும்படி வற்புறுத்தி அறிவுரை சொல்வதற்குத் தடை இல்லை, மனம் வருந்தாதவருக்கு மன்னிப்பை மறுக்கவும் செய்யலாம். பாதிக்கப்பட்ட குழந்தையே அங்கே வந்து சொன்னால், அதன் உரிமைகளையும் புகார் அளிக்கும் வழிகளையும் எடுத்துரைப்பது குருவானவரின் கடமை. அருட்சாதனம் முடிந்தபின் வெளியே வந்து அதையே தம்மிடம் மீண்டும் சொல்லும்படி கனிவோடு அவர் கேட்டுக்கொள்ளலாம் என்பேன். அப்படி வெளியே சொல்லப்பட்டது இந்த ரகசியத்தில் அடங்காது. அதன்பின் புகார் அளிக்கத் தயங்கும் குருவானவருக்குச் சட்டத்திலும் சமயத்திலும் சமாதானம் இல்லை.

பாவசங்கீர்த்தனத்தைக் காவல்துறை ஒட்டுக்கேட்டால் அது செல்லுமா?

1996-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், சிறைக்கைதி ஒருவரின் பாவசங்கீர்த்தனத்தைச் சிறை அதிகாரிகள் ஒலிப்பதிவு செய்தனர். அது மதச் சுதந்திரச் சட்டத்தையும், தனிமைக்குப் பாதுகாப்பு தரும் அரசமைப்பு விதியையும் மீறியது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. திருச்சபைச் சட்டத்தைப் பொறுத்தவரை, குருவானவர் மட்டுமல்லாமல், உடனிருந்த மொழிபெயர்ப்பாளரும், தற்செயலாகக் காதில் விழக் கேட்டவரும்கூட ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள்.