பழைய லேப்டாப்பில் பிரவுசர் அப்டேட்: கேள்வி பதில்

தஞ்சாவூர் வாசகர்: அண்ணா, குரோம் தானாக அப்டேட் ஆனதிலிருந்து திறந்தால் ஒரே கறுப்பு. மவுஸை நகர்த்தினால் அங்கங்கே கொஞ்சம் தெரிகிறது. பழைய ஐ3, விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டும் அப்படியே இருக்கிறது.

பதில்: பக்கத்தைத் திரையில் வரையும் வேலையைப் பிரவுசர் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சிப்பை இயக்குவது டிரைவர். பழைய இன்டெல் எச்டி கிராபிக்ஸுக்குப் புது டிரைவர் வருவது எப்போதோ நின்றுவிட்டது. பிரவுசர் மட்டும் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் இரண்டும் ஒத்துப்போகாமல் போனால் கறுப்புத் திரை, மினுக்கல், எழுத்துச் சிதறல் எல்லாம் வரும். மறுபடி இன்ஸ்டால் செய்வது டிரைவரைத் தொடுவதே இல்லை, அதனால்தான் பலன் இல்லை.

மெனு கண்ணுக்குத் தெரிந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம் போய் கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் என்பதை அணைத்து, ரீலாஞ்ச் கொடுங்கள். தெரியவே இல்லையென்றால் டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறங்கள். டார்கெட் பெட்டியில், கடைசி மேற்கோள் குறிக்கு வெளியே, ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் இரண்டு சிறுகோடு, டிஸேபிள், ஒரு சிறுகோடு, ஜிபியு (--disable-gpu) என்று இடைவெளி இல்லாமல் சேர்த்துத் தட்டுங்கள். குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் இது வேலை செய்யாது. முதலில் டாஸ்க் மேனேஜரில் அதை முழுதாக நிறுத்திவிட்டு, அந்த ஷார்ட்கட் வழியாகவே திறங்கள். திரை வந்ததும் செட்டிங்ஸிலும் அணைத்துவிடுங்கள்.

இனி வரையும் வேலையைப் பிராசஸர் சுமக்கும். வீடியோ பார்க்கும்போது ஃபேன் சத்தம் கூடும், 480 அல்லது 720க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் தேடுவதாக இருந்தால் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண் கொடுத்து மட்டும் தேடுங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரம் வரும் எதையும் தொடாதீர்கள்.

சேலம் வாசகி: சார், எனக்கு ஃபயர்ஃபாக்ஸில் அதே கறுப்புத் திரை.

பதில்: காரணம் அதேதான் அம்மா. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் டிரபிள்ஷூட் மோடு கேட்கும். அதில் சரியாகத் தெரிந்தால் கிராபிக்ஸோ ஆட்-ஆன் எனப்படும் நீட்சியோ காரணம். செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியின் கீழே பெர்ஃபார்மன்ஸ் இருக்கிறது. பரிந்துரைக்கப்பட்ட அமைப்பு என்ற டிக்கை எடுத்தால்தான் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் வரியே தெரியும், அதையும் அணைத்துவிடுங்கள்.

டிரபிள்ஷூட் மோடு கேட்கும் பெட்டியில் உள்ள ரீஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ் பட்டனை எடுத்தவுடன் அழுத்தாதீர்கள், ஆட்-ஆன்கள் எல்லாம் போய்விடும். அதற்கு முன் பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்து வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் உங்கள் விவரங்களை வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டரைக் காப்பி எடுப்பவர்கள் லாகின்ஸ் ஜேசன், கீ4 டிபி இரண்டு கோப்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாஸ்வேர்டு திரும்ப வராது.

விழுப்புரம் வாசகர்: எந்தத் தளத்தைத் திறந்தாலும் "யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்" என்கிறது. அப்டேட்தான் கெடுத்ததா?

பதில்: திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் காட்டினால் மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிமாஸ் செல் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர் 2032, சில லேப்டாப்பில் ஒயர் வைத்தது இருக்கும். தேதி தவறினால், தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ் எதுவும் செல்லாது. அப்டேட்டுக்கு இதில் சம்பந்தமில்லை.

ஓசூர் வாசகர்: அப்டேட்டுக்குப் பிறகு விளம்பரத் தடுப்பான் காணாமல் போய்விட்டது.

பதில்: உங்கள் லேப்டாப்பில் கோளாறு இல்லை. பழைய முறையில் எழுதிய நீட்சிகளைக் குரோம் நிறுத்திவிட்டது. யுபிளாக் ஒரிஜின் முழுதாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு வாருங்கள்.

நாகர்கோவில் வாசகர்: எனக்கும் கறுப்புத் திரை...

பதில்: முதல் பதில்.

கோவையில் கணினிக் கடை நடத்துபவர்: ஐயா, இதற்கெல்லாம் ஒரே வழி இருக்கிறது. கடைக்கு வரும் பழைய லேப்டாப் எல்லாவற்றிலும் நன்றாக ஓடும் பழைய வெர்ஷனைப் போட்டு, அப்டேட் சர்வீஸை டிஸேபிள் செய்துவிடுவேன். கறுப்புத் திரை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

பதில்: தம்பி, இதைச் செய்யாதீர்கள். 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறக்கும் மென்பொருள் நூலகத்தில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். தயாரித்து வைத்த ஒரு படம் பக்கத்தில் தெரிந்தாலே போதும், தாக்க வழி கிடைத்துவிடும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் உடனே திருத்தம் கொடுத்தன. அப்டேட் சர்வீஸை நிறுத்தியவருக்கு அது வந்து சேராது. உங்கள் வாடிக்கையாளர் அதே பிரவுசரில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்.

கோவை: ஆன்டிவைரஸ் போட்டுத்தான் ஐயா கொடுக்கிறேன்.

பதில்: ஆன்டிவைரஸ் பெரும்பாலும் தெரிந்த தீங்கைத்தான் அடையாளம் காணும், பிரவுசரின் ஓட்டையை அது அடைக்காது. அப்டேட் இல்லாவிட்டால் தொல்லையே வராது என்பதும் சரியில்லை. 2025 மார்ச் 14 அன்று ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின், ஆட்-ஆன்களைச் சரிபார்க்க உதவும் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. ஃபயர்ஃபாக்ஸ் 128க்கும், இஎஸ்ஆர் எனப்படும் நீண்டகால ஆதரவு வரிசையில் 115.13க்கும் முந்தைய பதிப்பை வைத்திருந்தவர்களை, ஆட்-ஆன்கள் முடங்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். எதையும் மாற்றாமல் வைத்திருந்தாலும் பழசு ஒருநாள் தானாகவே நின்றுபோகும்.

அந்தப் பழைய வெர்ஷனை எந்தத் தளத்திலிருந்து இறக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். எல்லாருக்குமே சொல்கிறேன், இதற்கு முன்பும் சொல்லியிருக்கிறேன்: குரோம் என்றால் மூன்று புள்ளி, ஹெல்ப், அபவுட். அப்டேட் அங்கே மட்டும்தான். உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது என்று ஒரு வலைப்பக்கம் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடுங்கள். அது தரும் கோப்பைத் திறக்காதீர்கள்.

மன்னார்குடி வாசகர்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இவ்வளவு எதற்கு? விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் எல்லாம் தீர்ந்தது.

பதில்: பலருக்குத் தீரும், நானும் மனதாரச் சொல்வேன். ஆனால் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், பழைய பிரிண்டர், கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். 32 பிட் பிராசஸர் என்றால் தேர்வு இன்னும் சுருங்கும். லினக்ஸின் இன்னொரு வகையான டெபியனே 13ஆம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது.

கோவை: சரி ஐயா. விண்டோஸ் 7 ஸ்டார்டர் உள்ள லேப்டாப்போடு மாணவர்கள் வருகிறார்கள். அதற்கு என்ன செய்யட்டும்? அதில் குரோம் அப்டேட்டே ஆகவில்லையே.

பதில்: ஆகாது. விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் குரோம் 109தான் கடைசி, அது 2023 ஜனவரியில் வந்தது. ஆதரவு இன்னும் தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு அவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் போடுங்கள், விண்டோஸ் 7இன் சர்வீஸ் பேக் 1 அப்டேட் இருக்க வேண்டும். அந்தப் பதிப்பின் முடிவுத் தேதியை மொசில்லா பலமுறை தள்ளிவைத்தது. அது என்றைக்கும் தொடராது என்பதை மாணவர்களிடம் சொல்லிக் கொடுங்கள். ஸ்டார்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ராமை ஏற்காது, அதனால் ஸ்டார்டரை வைத்துக்கொண்டே ராம் கூட்டச் சொல்லிக் காசு வாங்க வேண்டாம். பிராசஸர் 64 பிட் என்றால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, 4 ஜிபி ராம், லினக்ஸ் மின்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்று மாற்றுங்கள். பிரவுசர் திறக்கும் வேகத்தில் முதலில் தெரிவது எஸ்எஸ்டிதான்.

கோவை: ஏற்கெனவே அப்டேட்டை நிறுத்திக் கொடுத்த லேப்டாப்புகள்?

பதில்: கூப்பிட்டுச் சொல்லுங்கள். சர்வீஸை மறுபடி ஆட்டோமேட்டிக்கில் வைத்து, அபவுட் பக்கத்தைத் திறந்தால் தானே இறங்கும். கறுப்புத் திரை வந்தால் என்ன செய்வது என்பதுதான் இப்போது உங்களுக்குத் தெரியுமே. அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள்.

திருவாரூர் வாசகர்: புது லேப்டாப் எது வாங்கலாம்?

பதில்: அது இன்னொரு நாள் பேசுவோம்.