ஓட்டை எங்கே என்று வேலை செய்கிறவருக்குத் தெரியும்: உள்ளகக் கட்டுப்பாடு பற்றிக் கேள்வி பதில்

உள்ளகக் கணக்காய்வாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது திருகோணமலையில் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். ஊழியர்களே தங்கள் பிரிவின் இடர்களையும் (என்ன தவறலாம் என்பது) கட்டுப்பாடுகளையும் (அது தவறாமலிருக்கச் செய்கிற ஏற்பாடுகள்) மதிப்பிடப் பழக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். வரி, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கேள்விகளை விட்டுவிட்டேன், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நிலாவெளி, விடுதி முன்மேசை: சேர், "நீங்களே உங்கள் வேலையை மதிப்பிட்டு எழுதித் தாருங்கோ" என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கே தொடங்குவது?

படிவத்தில் தொடங்காதீர்கள். ஒரு வேலையை மட்டும் எடுங்கள்: அறை கொடுப்பதிலிருந்து காசு வங்கிக்குப் போகும் வரை. அந்த வேலையில் கை வைக்கிற எட்டுப் பத்துப் பேரை அரை நாள் ஒன்றாக இருத்துங்கள். ஒருவர் பேச்சை நடத்தட்டும், இன்னொருவர் எழுதட்டும். முதலில் இடரைப் பற்றிக் கேட்க வேண்டாம். "இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் கடைசியில் என்ன இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். தங்கின ஒவ்வோர் இரவுக்கும் உரிய காசு வங்கியில் இருக்க வேண்டும். சரி, அது எப்படித் தவறலாம்? தவறாமலிருக்க இப்போது என்ன செய்கிறோம்? செய்கிறோம் என்றால் போன கிழமை செய்ததைக் காட்ட முடியுமா? இந்த நான்கு கேள்விகளும் வாயில் பழகிவிட்டால் பயிற்சியில் பாதி முடிந்தது.

அறை துப்புரவு செய்கிறவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். சீசனில் முன்பதிவு இல்லாமல் ஒருவர் வருவார், காசைக் கையில் கொடுப்பார், காலையில் போய்விடுவார். பதிவேட்டில் அந்த அறை காலியாக இருக்கும். படுக்கை விரிப்பு மாற்றினவரின் தாளில் அதே அறை இருக்கும். இரண்டையும் தினமும் காலையில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் கட்டுப்பாடு. ஒப்பிடுகிறவர் இரண்டு பிரிவிலும் சேராதவராக இருக்க வேண்டும். இந்த ஓட்டை கொழும்பிலிருந்து வரும் கணக்காய்வாளர் கண்ணில் படாது, துப்புரவு செய்கிறவருக்கு முதல் நாளே தெரியும்.

உப்புவெளி: மாதிரிப் படிவம் இருந்தால் அனுப்புங்கோ.

மேலே உள்ள நான்கு கேள்விகளும்தான் படிவம்.

கிண்ணியா, அரிசி ஆலை: நானா, ஆலையில் நானும் கணக்கு எழுதுகிற பொடியனும் மட்டும்தான். அனுமதிக்கிறவர், காசு வைத்திருக்கிறவர், கணக்கு எழுதுகிறவர் மூவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அத்தனை ஆளுக்கு எங்கே போவது?

முழுமையாகப் பிரிக்க முடியாது, அதற்கு ஈடு கட்டலாம். வங்கிக்கூற்று உங்கள் கைக்கு நேரே வரட்டும், உறையை நீங்களே உடையுங்கள். நெல் நிறுத்த சிட்டைகளை மாதம் இரண்டு தரம், சொல்லாமல் கொள்ளாமல், களஞ்சிய மூட்டைகளோடு எண்ணிப் பாருங்கள். கணக்கு எழுதுகிற தம்பியை வருடத்தில் ஒரு தடவையாவது தொடர்ந்து இரண்டு கிழமை லீவில் அனுப்பி, அந்த வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். பல மோசடிகள் ஆள் இருக்கையில் இல்லாதபோதுதான் வெளியே வந்திருக்கின்றன. லீவே எடுக்காத ஊழியரைப் பாராட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொன்று: கையெழுத்து வைத்த வெற்றுக் காசோலைகளை அவரிடம் விட்டுவிட்டுப் பயணம் போகிற பழக்கம் இருந்தால், பயிற்சி, மதிப்பீடு எல்லாம் பிறகு. முதலில் அவற்றை ரத்துச் செய்யுங்கள்.

பல்கலைக்கழக மாணவி: இந்த முறை எங்கே தொடங்கியது? கோசோ (COSO) என்கிற உள்ளகக் கட்டுப்பாட்டு வழிகாட்டியின் ஐந்து கூறுகளையும் 17 கோட்பாடுகளையும் விளக்குவீர்களா?

1987இல் கனடாவின் கல்ஃப் எண்ணெய்க் கம்பனியில், அதன் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவு இதைத் தொடங்கியது. கோசோ சட்டகம் 1992இல் வந்து 2013இல் திருத்தப்பட்டது. மற்றது ஒப்படைக் கேள்வி போல இருக்கிறது தங்கச்சி, நீங்களே வாசியுங்கள்.

ஐஸ் ஆலை: ஒவ்வோர் இடருக்கும் நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, பாதிப்புக்கு 1 முதல் 5 வரை புள்ளி போட்டுப் பெருக்கச் சொல்லித் தந்தார்கள். சரியா?

பேச்சைத் தொடங்க நல்லது, முடிவெடுக்கப் போதாது. உங்கள் சில்லறைக் காசில் தினமும் 100 ரூபா குறைகிறது: வாய்ப்பு 5, பாதிப்பு 1. அமோனியாக் குழாய் வெடிப்பது: வாய்ப்பு 1, பாதிப்பு 5. பெருக்கினால் இரண்டும் 5. இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கிற அட்டவணையை நம்பி யாரும் ஆலை நடத்தக் கூடாது. பாதிப்பு 5 வந்தவற்றைப் பெருக்காமல் தனியே எடுத்து முதலில் பேசுங்கள்.

அரச திணைக்களம்: எங்களுக்கு இது கட்டாயமா?

2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், 38ஆம் பிரிவு. கட்டுப்பாட்டு முறைமை இருப்பதை உறுதிசெய்வதும் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்வதும் பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தரின் (பொதுவாக அமைச்சின் செயலாளர்) பொறுப்பு. இந்த முறையில்தான் செய் என்று சட்டம் சொல்லவில்லை.

கந்தளாய், முகாமையாளர்: என் ஊழியர் கூடும்போது நான் அங்கே இருக்கக் கூடாதா?

முதல் பத்து நிமிடம் இருந்து நோக்கத்தைச் சொல்லுங்கள். பிறகு எழும்பிப் போங்கள். கடைசி அரை மணித்தியாலத்துக்குத் திரும்பி வாருங்கள்.

மூதூர், கூட்டுறவுச் சங்கம்: இதை ஏற்க மாட்டேன் ஐயா. மேலதிகாரி இல்லாத இடத்தில் பேசினால் அது புறணி. துணிவிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

நிரந்தர நியமனம் கிடைக்காத பிள்ளையிடம் துணிவை எதிர்பார்க்கிறீர்கள். முகாமையாளர் இருக்கும் அறையில் எல்லாக் கேள்விக்கும் "ஆம்" வரும். அந்தத் தாளை வைத்து என்ன செய்வீர்கள்?

சீனன்குடா: எங்கள் இடத்தில் முகாமையாளர் வெளியேதான் போனார். பிறகு, களஞ்சியத் திறப்பு பற்றிச் சொன்னது யார் என்று ஒரு மாதம் விசாரணை நடந்தது!

நடத்தினவரின் பிழை. பெயர் எழுதக் கூடாது. சங்கடமான கேள்விகளுக்குக் கை உயர்த்தச் சொல்லக் கூடாது, துண்டுச் சீட்டில் புள்ளி போட வைத்துச் சீட்டுகளைக் கலக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரே மேசையில் தமிழும் சிங்களமும் இருக்கும், கேள்வியை இரண்டிலும் எழுதி வையுங்கள். விளங்காதவர் "ஆம்" என்றுதான் போடுவார்.

மூதூர், மறுபடியும்: கள்ளனே தனக்குக் குற்றப்பத்திரிகை எழுதுவானா? எல்லாம் வீண்வேலை.

எழுத மாட்டான். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து திருடினால் இந்த முறை பிடிக்காது, பிடிக்கும் என்று நான் சொல்லவும் இல்லை. இது திருடாத பெரும்பான்மையோர் கண்ட ஓட்டைகளைச் சேர்க்கிற வேலை. அவர்கள் எழுதினதில் சிலவற்றை எடுத்து உள்ளகக் கணக்காய்வு சோதித்துப் பார்க்க வேண்டும்; சோதனை இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதுதான் சரி. பேச்சு நடுவே ஒரு ஆளின் பெயர் சந்தேகமாக வந்தால் உடனே நிறுத்துங்கள். அது முறைப்பாடு, அதற்கு வழி வேறு.

கந்தளாய், முகாமையாளர்: சரி, போகிறேன். கதவுக்கு வெளியே நிற்கலாமா?

வேண்டாம். தேநீர் குடிக்கப் போங்கள்.

சாம்பல்தீவு: ஐயா, படிவம் ஒன்று...

மேலே பாருங்கள்.

வர்த்தக நிலையம், மத்திய வீதி: கையெழுத்து வைத்த காசோலை அவசரத்துக்கு இரண்டு மட்டும் இருந்தால் பரவாயில்லையா?

இல்லை.

தம்பலகாமம்: பயிற்சி முடிந்தது. "செய்ததைக் காட்ட முடியுமா" என்ற நான்காம் கேள்விக்கு 14 இடத்தில் "இல்லை" என்று வந்திருக்கிறது. இனி?

சந்தோஷப்படுங்கள், உண்மை பேசியிருக்கிறார்கள். ஒவ்வொரு "இல்லை"க்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு திகதி போடுங்கள். திருத்தப் போவதில்லை என்று முதலாளி முடிவெடுத்தால், இடரை ஏற்பதாக அவரே கையெழுத்து வைக்கட்டும். பற்றுச்சீட்டுப் புத்தகங்களைப் பூட்டி இலக்கப்படி கொடுப்பது, லாச்சித் திறப்பைக் கைமாற்றும்போது கொப்பியில் எழுதுவது போன்ற செலவில்லாத திருத்தங்களை இந்த மாதமே முடியுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த வருடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், 14உம் "ஆம்" ஆகிவிடும். மென்பொருள் மாற்ற வேண்டியவற்றை மட்டும் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குத் தள்ளலாம்.