‘சமாளிக்கிறம்’ என்று சொல்லிவிடாதீர்கள்

வன்னியில் தருமபுரத்திலிருந்து வந்த ஒரு தங்கை கேட்டிருக்கிறா: “கணவருக்கு 2009இல் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்வும் இல்லை. எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்த பிறகு குடும்ப இணைப்பு விசாவில் வந்தார். லண்டன் வந்து நாலு மாதம். குளிக்க வார்க்கிறது, கதீற்றர் (சிறுநீர்க் குழாய்) பார்க்கிறது, தூக்கி இருத்துறது எல்லாம் நான்தான். வேலைக்குப் போக ஏலாமல் கிடக்கு. கவுன்சிலிட்டைக் கேட்டால் அவரை ஹோமுக்குக் கொண்டுபோய் விடுவாங்கள் எண்டு சனம் சொல்லுது. உண்மையோ? எங்கையிருந்து தொடங்கிறது?”

தங்கச்சி, அது உண்மையில்லை. தன் விருப்பத்தைத் தானே யோசித்துச் சொல்லக்கூடிய ஒருவரை அவருடைய சம்மதமில்லாமல் ஹோமில், அதாவது பராமரிப்பு இல்லத்தில், விட எந்தக் கவுன்சிலுக்கும் (உள்ளூராட்சி மன்றம்) அதிகாரம் இல்லை. உங்கள் கணவருக்குப் பாதிக்கப்பட்டது முள்ளந்தண்டு, மூளை இல்லை. எங்கே வாழ்வது, யார் தன்னைத் தொட்டுக் குளிப்பாட்டுவது, எத்தனை மணிக்கு எழும்புவது என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை. அதற்கான உதவியை ஒழுங்கு செய்வது கவுன்சிலின் சட்டக் கடமை. 2014இல் வந்த கெயர் அக்ற் என்ற சட்டம் இங்கிலாந்து முழுவதற்கும் அதைத்தான் சொல்கிறது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு.

இந்தக் கிழமையே கவுன்சிலின் அடல்ற் சோஷல் கெயர் (பெரியவர்களுக்கான சமூகப் பராமரிப்பு) பிரிவுக்குப் போன் எடுங்கள். ஜிபி (குடும்ப டொக்டர்) கடிதம் தேவையில்லை. இரண்டு விஷயம் கேளுங்கள்: அவருக்கு நீட்ஸ் அசெஸ்மென்ற் (தேவை மதிப்பீடு), உங்களுக்குக் கெயரர்ஸ் அசெஸ்மென்ற் (பராமரிக்கிறவருக்கான மதிப்பீடு). இரண்டாவதைப் பலர் கேட்பதில்லை. அது அவருடையதோடு ஒட்டியது இல்லை, உங்களுக்கென்று சட்டத்தில் தனியாக இருக்கிற உரிமை. போன் எடுத்த திகதியையும் கதைத்தவரின் பெயரையும் எழுதி வைத்து, அன்றைக்கே ஈமெயிலிலும் அதையே அனுப்புங்கள். ‘வெயிற்றிங் லிஸ்ற்’ என்று மாதக்கணக்கில் இழுத்தால் அந்த ஈமெயில்தான் உங்கள் கையில் இருக்கிற ஆதாரம்.

இனி எங்கள் சனம் அதிகம் தவறவிடுகிற இடத்துக்கு வருகிறேன். அசெஸ்மென்றுக்கு வருகிறவர் “எப்படிப் போகுது?” என்று கேட்பார். எங்கள் வாயில் தானாக வருகிற பதில் “சமாளிக்கிறம்.” வன்னியில் அது மானமான சொல். முள்ளிவாய்க்காலின் கடைசிப் போரும் மெனிக் பாம் அகதி முகாமும் தாண்டி வந்த சனத்துக்கு அதைவிடப் பெரிய சொல் இல்லை. இங்கே அதையே மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னதும் அதிகாரி ‘தேவை இல்லை’ என்று எழுதிவிடுவார். அவர் கொடியவர் என்பதால் இல்லை. அவருடைய படிவத்தில் அதற்கு வேறு கட்டம் கிடையாது.

படிவம் என்ன கேட்கிறது என்று தெரிந்தால் எப்படிக் கதைப்பதென்று விளங்கும். சாப்பாடு, உடம்புச் சுத்தம், மலசலம், உடுப்பு, வீட்டில் ஆபத்தில்லாமல் நடமாடுவது, வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பது, உறவுகளோடு தொடர்பு, வேலை அல்லது படிப்பு, வெளியில் போய்வருவது, பிள்ளை வளர்ப்பது என்று பத்து விஷயங்கள் இருக்கின்றன. இவற்றில் இரண்டையாவது அவரால் செய்ய முடியாமல் இருந்து, அதனால் அவர் வாழ்க்கை பெரிதாகப் பாதிக்கப்பட்டால் அவர் உதவிக்குத் தகுதியானவர். ‘முடியாது’ என்பதற்குச் சட்டம் தருகிற பொருள் விரிவானது. பிறர் உதவியோடுதான் முடியும், நோவோடுதான் முடியும், ஆபத்தோடுதான் முடியும், வழமையைவிடக் கனநேரம் எடுத்துத்தான் முடியும் என்றால் எல்லாமே ‘முடியாது’ கணக்கில் சேரும்.

இன்னொன்று. தகுதியைத் தீர்மானிக்கும்போது நீங்கள் செய்து கொடுப்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நீங்கள் வீட்டில் இல்லை என்று வைத்துக்கொண்டு அவருக்கு என்ன முடியும் என்றுதான் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் “இதில் எதைத் தொடர்ந்து செய்ய உங்களுக்கு விருப்பமும் வலுவும் இருக்கு?” என்று கேட்பார்கள். “குளிப்பாட்ட ஏலாது, எனக்கு நாரி போய்விட்டது, வேலைக்கும் போக வேணும்” என்று சொல்வது கணவரைக் கைவிடுவது ஆகாது. ஊரில் மாமி, தம்பி, பக்கத்து வீட்டுப் பெடியன் என்று ஆறு கை இருந்தது. இங்கே இருப்பது உங்கள் இரண்டு கை. அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தச் சட்டம்.

அசெஸ்மென்றுக்கு முன் ஏழு நாளைக்கு ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதுங்கள். ‘காலையில் கழிவறை வேலை’ என்று எழுதினால் போதாது. ‘6.10 முதல் 7.25 வரை. மருந்து வைத்து, கமோட்டில் இருத்தி, கழுவி, திரும்பக் கட்டிலுக்கு. இரண்டு தடவை தூக்கினேன்’ என்று எழுதுங்கள். இரவில் எத்தனை தரம் புரட்டிப் படுக்கவைத்தீர்கள், சிறுநீர்ப்பை எத்தனை தரம் வெறுமையாக்கினீர்கள், உடம்பு வலித்துத் துடிக்கிறது எப்போது என்பதெல்லாம் வர வேண்டும். நல்ல நாளை மட்டும் எழுதாதீர்கள், கூடாத நாளும் அதில் இருக்கட்டும். கூட்டியோ குறைத்தோ எழுதவும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ‘இலங்கைத் தமிழ்’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘ஏலாது’ என்கிற சொல் விளங்காமல் ‘கஷ்டம்’ என்று மாற்றிச் சொல்லப்பட்டால் முடியாதது வெறும் சிரமமாகப் பதிவாகும். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தகப்பனின் மலசலக் கதையைப் பிள்ளை முன் எந்த ஆம்பிளையும் முழுதாகச் சொல்ல மாட்டார். அவருக்கு அதிகாரியோடு தனியாகக் கதைக்கவும் உரிமை உண்டு. தன் கருத்தைச் சொல்லச் சிரமப்படுகிறவருக்கு, துணைக்கு வேறு ஆளும் இல்லையென்றால், கவுன்சிலே சுயாதீனமான அட்வொகேற் (அவர் பக்கம் நின்று கதைக்கிறவர்) ஒருவரை இலவசமாக ஒழுங்கு செய்ய வேண்டும்.

தகுதி உண்டென்று முடிவானால் கெயர் பிளானும் (பராமரிப்புத் திட்டம்) அதற்கான தொகையும் எழுத்தில் வரும். கவுன்சில் ஒழுங்கு செய்கிற ஏஜென்சி ஆட்கள் வரலாம், அல்லது அந்தக் காசை டிரெக்ற் பேமென்ற் ஆக வாங்கி நீங்களே ஆள் வைக்கலாம். ஏஜென்சி என்றால் பொதுவாக நாளுக்குச் சில தடவை, தடவைக்கு அரை மணி, நாளுக்கு நாள் ஆள் மாறும். முள்ளந்தண்டுக் காயக்காரருக்கு முழுக் காலை வேலையும் அரை மணியில் முடியாது, அந்த நேரத்தைப் பிளானிலேயே சரியாகப் போடவைக்க வேண்டும். லண்டனில் எங்கள் சனம் கூட இருக்கிற ஹரோ, ஈஸ்ற்ஹாம், இல்ஃபோர்ட், ரூட்டிங் பக்கம் என்றால் டிரெக்ற் பேமென்றில் தமிழ் கதைக்கிற ஆண் உதவியாளரையே தேடிக்கொள்ளலாம். என் அபிப்பிராயத்தில் உங்களுக்கு அதுதான் பொருத்தம். பத்து வருடத்துக்கு மேலாக வீட்டாரின் கையை மட்டுமே நம்பியிருந்த மனிதருக்குத் தானே ஆளைத் தெரிவுசெய்து, தானே வேலை சொல்வது பெரிய மாற்றம்.

ஆனால் அப்போது அவர் முதலாளி. எம்ப்ளோயர்ஸ் லயபிலிற்றி இன்ஷூரன்ஸ் (வேலையாளுக்குக் காயம் வந்தால் ஈடுகட்டுகிற காப்புறுதி) கட்டாயம். வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று பார்த்துப் பதிந்து வைக்க வேண்டும். பேஸ்லிப், வருடத்துக்கு 5.6 கிழமை சம்பளத்தோடு லீவு, குறைந்தபட்சச் சம்பளம் (2025-26இல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு மணிக்கு 12.21 பவுண்) எல்லாம் உண்டு. இந்தச் சம்பளக் கணக்கைப் பார்க்கிற பேரோல் சேவைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் சேர்த்துத் தொகை போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரே வீட்டில் இருக்கிற மனைவியையோ நெருங்கிய சொந்தத்தையோ இந்தக் காசில் வேலைக்கு வைக்க வழமையில் விடமாட்டார்கள். தெரிந்த பெடியனுக்குக் கையில் காசு கொடுத்துவிட்டுக் கணக்கில்லாமல் இருப்பதுதான் அதிகம் நடக்கிற பிழை. கவுன்சில் கணக்குக் கேட்கும்போது அந்தக் காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். மாணவர் விசாவில் இருக்கிறவருக்குப் படிப்புக் காலத்தில் வேலை மணித்தியால எல்லை இருப்பதையும் மறக்க வேண்டாம்.

கவுன்சில் உதவி முழு இலவசம் இல்லை, அவருடைய வருமானத்தைப் பார்ப்பார்கள். சேமிப்பு 14,250 பவுணுக்குக் கீழே என்றால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். 23,250க்கு மேல் என்றால் முழுச் செலவும் அவருடையது. உங்கள் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அங்கவீனத்தால் வருகிற மேலதிகச் செலவைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்: கூடத் தோய்ப்பது, கூட ஹீற்றிங், சிறுநீர் உறிஞ்சும் பாட், கையுறை. எல்லாவற்றுக்கும் பில்லுக் கொப்பி வையுங்கள்.

கவுன்சிலுக்குப் புறம்பாக பிப் (PIP) என்கிற அங்கவீனக் கொடுப்பனவுக்கு விண்ணப்பியுங்கள். சாதாரணமாகக் கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்துக்காரருக்கும் அவரில் தங்கிய குடும்பத்தவருக்கும் அந்த விதி இல்லை. போனில் இது தெரியாமல் ‘இரண்டு வருடம் கழித்து வாருங்கள்’ என்று யாராவது சொன்னால் அந்த விலக்கைச் சொல்லுங்கள். படிவம் அனுப்பப்பட்ட திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருந்து பிந்தாதீர்கள், அறிக்கையைப் பிறகும் அனுப்பலாம். பத்து அன்றாட வேலைகளுக்கும் இரண்டு நடமாட்ட வேலைகளுக்கும் புள்ளி போடுவார்கள். பிரிவுக்கு 8 புள்ளி என்றால் சாதாரண வீதம், 12 என்றால் கூடிய வீதம். 2025-26இல் அன்றாட வாழ்வுக்குக் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மீள்பார்வை கேளுங்கள், அதுவும் சரிவராவிட்டால் ட்ரைபியூனல் (தீர்ப்பாயம்). சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள்.

அவருக்குப் பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதி கிடைத்து, நீங்கள் கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பார்த்தால் உங்களுக்குக் கெயரர்ஸ் அலவன்ஸ் என்கிற பராமரிப்பவர் கொடுப்பனவு உண்டு (2025-26இல் கிழமைக்கு 83.30 பவுண்). வேலைக்குப் போகிறபோது கவனம். வரி போக உழைப்புக்கு ஒரு எல்லை உண்டு (2025-26இல் கிழமைக்கு 196 பவுண்), அதை ஒரு பவுண் தாண்டினாலும் முழுத் தொகையும் நிற்கும். தெரியாமல் வாங்கினால் கடனாகத் திரும்பும்.

வீட்டுக்குள் என்ன தேவை என்பதை ஒக்குப்பேஷனல் தெரபிஸ்ற் வந்து பார்ப்பார். சறுக்குப் பலகை, குளிக்கிற கதிரை, கமோட், தூக்கி இயந்திரம் எல்லாம் அவர் எழுதித்தான் வரும். இனி அவரைத் தனியாகத் தூக்காதீர்கள், உங்கள் நாரி போனால் இரண்டு பேரும் கட்டிலில். 1,000 பவுணுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களை இலவசமாகச் செய்து தருவார்கள். வெற் ரூம் (சக்கர நாற்காலி போகக்கூடிய சமதரைக் குளியலறை), அகன்ற கதவு, சரிவுப் பாதை போன்ற பெரிய வேலைக்கு இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை மானியம் உண்டு, வாடகை வீட்டுக்கும்தான். வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும், ஐந்து வருடம் அங்கே இருக்கிற எண்ணமும் காட்ட வேண்டும். முழு விண்ணப்பம் கொடுத்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கினால் மானியம் போய்விடும். சரிவுப் பாதை ஒன்றுக்குப் பன்னிரண்டு: 15 சென்ரிமீற்றர் படிக்கு 1.8 மீற்றர் நீளம். தெரிந்த மேசனிடம் சொல்லிச் செங்குத்தாகப் போட்ட பலகையில் சக்கர நாற்காலி பின்னுக்குக் கவிழும்.

சக்கர நாற்காலி என்எச்எஸ் (அரச மருத்துவச் சேவை) வீல்செயர் சேவையில் இலவசம், திருத்த வேலையும் அப்படியே. ஊரிலிருந்து கொண்டுவந்த நாற்காலியோடு இருந்துவிடாதீர்கள். நாற்காலியைவிட முக்கியம் குஷன். காற்றுக் குஷன் என்றால் அவர் இருக்கும்போது அடியில் கையை விட்டுப் பாருங்கள். இருக்கை எலும்புக்கும் அடித்தளத்துக்கும் இடையில் இரண்டு சென்ரிமீற்றர் அளவு இடைவெளி இருக்க வேண்டும். காற்றுக் கூடினாலும் குறைந்தாலும் படுக்கைப்புண் வரும். சிவந்த இடம் அழுத்தம் எடுத்து அரை மணிக்குப் பிறகும் மாறாவிட்டால் அந்தப் பக்கத்தில் இருத்தாமல் வீட்டுக்கு வந்து பார்க்கிற டிஸ்றிக்ற் நேர்ஸைக் கூப்பிடுங்கள். எங்கள் தோலில் சிவப்புத் தெரியாது. கருமை, சூடு, தடிப்பு என்று கையால் பார்க்க வேண்டும்.

வன்னியில் இல்லாத ஒரு ஆபத்து, அறையைச் சூடாக்குகிற ரேடியேற்றர். உணர்வில்லாத கால் அதில் பட்டால் வெந்துபோகும், அவருக்குத் தெரியாது. கட்டிலையும் நாற்காலியையும் தள்ளி வையுங்கள். சுடுதண்ணிப் பையைக் காலில் வைக்காதீர்கள்.

ஜிபியிடம் முள்ளந்தண்டுக் காய மையத்துக்கு ரெஃபரல் கேளுங்கள். காயம் பழசு என்பது தடையில்லை. லண்டன் பக்கத்துக்கு ஸ்ரான்மோர் இருக்கிறது. 1944இல் டொக்டர் லுட்விக் குற்மன் தொடங்கிய ஸ்ரோக் மன்டவில் மையம் பக்கிங்ஹாம்ஷயரில். ஊர் கிளினிக் கொப்பியும் ஆஸ்பத்திரி டிக்கெற்றும் 2009இல் போய்விட்டன என்றால் பரவாயில்லை, இங்கே புதிதாகச் சோதித்து எழுதுவார்கள், பிப்புக்கும் அந்த அறிக்கைதான் பலம். காயம் எந்த மட்டத்தில் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு மட்டத்து ஆறாவது முள்ளெலும்பான டி6இலோ அதற்கு மேலேயோ என்றால், கதீற்றர் அடைபட்டோ மலம் இறுகியோ திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி இடி, முகம் சிவந்து வியர்வை வந்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு ஏறுகிறது. நிமிர்த்தி இருத்தி, குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அவசர இலக்கம் 999ஐ அழையுங்கள்.

மருந்துச்சீட்டுக் காசுக்கும் வழி உண்டு. தொடர் உடல் இயலாமையால் இன்னொருவர் உதவியில்லாமல் வெளியே போகமுடியாதவருக்கு எஃப்பி92ஏ படிவத்தில் ஜிபி கையொப்பம் வைத்தால் விலக்கு. புளூ பாட்ஜும் (அங்கவீனருக்கான வாகனத் தரிப்பு அனுமதி) ஃப்ரீடம் பாஸும் (லண்டனில் இலவசப் பயண அட்டை) கவுன்சில் தருகிறது, பிப் வந்த பிறகு எடுப்பது சுலபம்.

கடைசியாக, கட்டாயமாக: எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், படிவத்தில் கேட்டாலும் கேட்காவிட்டாலும், உடம்புக்குள் ஷெல் துண்டு இருக்கிறது என்று அனுப்புகிற டொக்டருக்கும் எடுக்கிறவருக்கும் சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும். முதலில் எக்ஸ்ரேயோ சிற்றி ஸ்கானோ எடுத்துத் துண்டு எங்கே கிடக்கிறதென்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஷெல் துண்டைக் குறிக்கிற ‘ஷ்ரப்னல்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு கடதாசியில் எழுதி அவருடைய பேர்ஸுக்குள் வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் அம்புலன்ஸ் வந்தாலும் அது அவரோடு போகட்டும்.