நூலகத் தோட்டமும் பழங்குடி மக்களும்: சில கேள்விகள்

பொது நூலக வளாகங்களுக்குத் தோட்டம் வடிவமைப்பது என் வேலை. பழங்குடி மக்களோடு சேர்ந்து அதைச் செய்வது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

வரைபடம் தயார். இனி பழங்குடிப் பெரியவர்களை அழைத்துக் கருத்துக் கேட்கலாமா?

தயார் என்றால் அவர்கள் சொல்ல என்ன மீதி இருக்கிறது? நடைபாதையைக் கொஞ்சம் வளைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். அந்த வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அவர்களோடு நிலத்தைச் சுற்றி நடங்கள். எங்கே தண்ணீர் தேங்கும், முன்பு என்ன வளர்ந்தது, எந்த இடத்தைத் தோண்டக் கூடாது, கூடி உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் பேச்சில் வரும். யார் பேச வருவது என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்யட்டும். நமக்குப் பழக்கமான ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு ‘எல்லோரும் சம்மதம்’ என்று எழுதிக்கொள்வது சுலபம், ஆனால் ஏமாற்று வேலை. அப்புறம், கட்டிடக் கலைஞருக்குக் கட்டணம் உண்டென்றால் இவர்களுக்கும் உண்டு. திட்டச் செலவில் முதலிலேயே சேருங்கள்.

மூலிகைகளின் பயனை எழுதிப் பலகை வைக்கலாமா?

கேட்காமல் வைக்காதீர்கள். 2007-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31-ஆம் பிரிவு, மரபறிவு, விதை, மருந்து ஆகியவற்றைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. பெயர் மட்டும் போதும் என்றால், அவர்கள் மொழியில் எழுதி அவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். இலை, பட்டை பறிக்கும் அனுமதியையும் எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் காவலாளி தடுப்பார்.

கூரைத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாமா?

தாராளமாக. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,000 லிட்டர். அதை ஆழமில்லாத பள்ளத்துக்குத் திருப்பி, ஈரமும் வறட்சியும் தாங்கும் செடிகளை நடுங்கள். அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். புத்தகக் கிடங்கு தரைக்குக் கீழே இருந்தால் இன்னும் தள்ளி. முதலில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு நாளுக்கு மேல் நின்றால் அந்த இடம் வேண்டாம், கொசுதான் வளரும். பெருமழையில் நிரம்பி வழியும் நீருக்கும் ஒரு வழி வேண்டும்.

உள்ளூர்ச் செடிகளுக்குத் தண்ணீரே ஊற்ற வேண்டாமாமே?

வேர் பிடிக்கும் வரை ஊற்றத்தான் வேண்டும். மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் சருகு, 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

பெரியவர்கள் சொல்லி நட்ட செடிகளைப் பராமரிப்பு ஆட்கள் களை என்று வெட்டிவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் பெரியவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வேர் இருந்தால் பல செடிகள் மறுபடி துளிர்க்கும், ஒரு பருவம் பொறுங்கள். வெட்டிய ஆட்களைத் திட்டிப் பயனில்லை. ஒப்பந்தத்தில் ‘புல் வெட்டுதல்’ என்று மட்டும் இருந்தால் அவர்கள் வெட்டத்தான் செய்வார்கள். எந்தச் செடியை எப்போது வெட்டலாம், எதைத் தொடக் கூடாது, களைக்கொல்லி கூடவே கூடாது என்று படத்தோடு ஒப்பந்தத்தில் சேருங்கள். அந்தச் சமூகத்து இளைஞர்கள் விரும்பினால் பராமரிப்பு வேலையைச் சம்பளத்தோடு அவர்களிடமே கொடுத்துவிடலாம்.